பத்துக்கும் ஒரே பதில்

ஆபீசில் எனக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. தெரிந்துதான் என்ன, பொருத்தமான பெயர்தான். பன்னிரண்டு வருடமாக நான் செய்வது வெட்டுகிற வேலை.

எங்கள் கம்பெனியில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் பேனல் என்று பெயர். சோப்பு விற்கிறவர்களோ, மக்களின் உடல்நலத்தை ஆராய்கிறவர்களோ, யாராவது கேள்விகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் பேனலிலிருந்து ஆட்களைப் பொறுக்கி அவர்கள் போனுக்கு அனுப்புவோம். பதில் சொன்னால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் போனுக்கு ரீசார்ஜ். அதனால் வருகிற பதிலில் நாலில் ஒன்று ஏனோதானோ என்றுதான் இருக்கும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தட்டுவான், பிள்ளையிடம் போனைக் கொடுத்து "நீயே எதையாவது அமுக்கு" என்பான். அந்தக் குப்பையைப் பொறுக்கி எறிவதற்கு நான்.

ஓர் ஆளின் பதில்கள் முழுக்க என் திரையில் ஒரே ஒரு வரி. இருபது நிமிஷ சர்வேயை மூன்று நிமிஷத்தில் முடித்தால் வெட்டு. "கவனமாகப் படிக்கிறீர்களா என்று பார்க்கிறோம், இங்கே மூன்றாவது பதிலைத் தொடவும்" என்று நடுவில் ஒரு பொறி வைப்போம், அதில் சிக்கினால் வெட்டு. மேலிருந்து கீழ்வரை எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத் தட்டிக்கொண்டே போயிருந்தால் அதை நேர்கோடு என்போம். நேர்கோடு என்றால் யோசனையே வேண்டாம், வெட்டு. வெட்டியதும் "உங்கள் பதில்கள் ஏற்கப்படவில்லை" என்று அந்த ஆளுக்கு ஒரு செய்தி தானாகப் போய்விடும். ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று கேட்டால், கிடையாது. என் தம்பியை அந்தப் பேனலில் திருட்டுத்தனமாகச் சேர்த்தவளே நான்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அவனோடு வேலை பார்த்த ஒருவர் வேலை நேரத்தில் விபத்தில் இறந்துபோனார். தம்பி மேல் தப்பு எதுவும் இல்லை என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவன்தான் அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. முதலில் ஒரு வாரம் என்றான், பிறகு மாசம் பிறக்கட்டும் என்றான், அதற்குப் பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணம் என்பது எனக்கு ஒரு விதத்தில் தட்டிப்போனது, அவனுக்கு வேறொரு விதத்தில். காலையில் நான் கிளம்பும்போது ஜன்னலோரக் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான், சாயங்காலம் வரும்போதும் அப்படியே கிடப்பான்.

சும்மா கிடக்கிறானே, எதையாவது படித்து எதையாவது தட்டினால் மூளைக்கு நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கம்பெனி ஆட்களின் குடும்பத்தார் பேனலில் சேரக்கூடாது என்று சட்டம். சட்டம் போட்டவர்களுக்குக் கத்தரியின் கெட்டிக்காரத்தனம் தெரியாது. வேறு பெயர் கொடுத்தேன், புதிதாக ஒரு நம்பர் வாங்கிப் பழைய போன் ஒன்றில் போட்டு, அந்த நம்பரைப் பதிவில் கொடுத்தேன். வயதையும் மாற்றினேன். முப்பத்தாறு வயது ஆண்கள் எங்களிடம் மலிந்து கிடக்கிறார்கள், அவர்களுக்கு மாசத்துக்கு ஒரு சர்வே வந்தால் அதிகம். அறுபத்தைந்தைத் தாண்டிய கிழவர்களோ தேடினாலும் கிடைக்கமாட்டார்கள், அவர்களுக்கு வாரம் இரண்டு போகும். எனவே என் தம்பிக்கு அறுபத்தெட்டு வயது.

"என்னக்கா, ஒரே நாள்ல என்னைக் கிழவனாக்கிட்ட?" என்று சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அன்றிலிருந்து நான் அவனை "பெரியவரே" என்றுதான் கூப்பிட்டேன். பெரியவரே சாப்பிட வாங்க, பெரியவரே தலைக்குக் குளிச்சீங்களா. கேள்விகளும் மெசேஜ்களும் அவன் போனிலிருந்த கம்பெனி ஆப்பில் வரும், ஆனால் ஒவ்வொரு சர்வேயையும் திறப்பதற்கு அந்தப் பழைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அந்தப் போன் என் கைப்பையிலேயே கிடந்தது. எண் வந்ததும் ஆபீஸ் மாடிப்படிக்குப் போய் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்வது சில சமயம் அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அந்தப் பெரிய சர்வே வந்தது. நாலாயிரம் பேர், மக்களின் உடல்நலமும் மனநலமும். கேள்விகளை அனுப்பியது ஓர் ஆராய்ச்சிக் குழு, அதன் தலைவி ஒரு டாக்டரம்மா. தூக்கம், மூச்சுவாங்கல், மாத்திரை என்று போய், கடைசியில் மனசைப் பற்றிப் பத்துக் கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனசு கனத்துக் கிடந்தது, எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லாமல் போனது என்று கேட்டுக்கொண்டே போகும். இல்லவே இல்லை, சில நாள், பல நாள், தினமும் என்று நாலு பதில்கள். பத்தாவது கேள்வி, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற நினைப்பு வந்ததா என்பது. அதற்குச் சில நாள் என்று தொட்டிருந்தால்கூட டாக்டரம்மா நேரில் போன் செய்து பேசுவார் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் சுத்தம் செய்து கொடுக்கிற பட்டியலிலிருந்துதான் கூப்பிட வேண்டியவர்களை எடுப்பார்கள்.

எங்கள் மானேஜர் வாயைத் திறந்தால் சதவீதம்தான். "பத்து பர்சென்ட்டுக்கு மேல குப்பை இருந்தா நம்ம மானம் போயிடும், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். புதன்கிழமையே முடித்துவிட்டேன். பத்துக் கேள்விக்கும் ஒரே பதில் தொட்டவர்களை ஒரு கட்டளையில் பிரித்தேன். "இல்லவே இல்லை" என்று பத்தையும் தட்டியவர்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம் என்று அவர்களை விட்டுவிட்டேன். மற்ற மூன்று வகையிலும் அறுபத்தொரு பேர். ஒருத்தர் வரியையும் திறந்து பார்க்கவில்லை. அறுபத்தொன்றையும் சேர்த்து வெட்டிவிட்டு, கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தம்பி தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அக்கா, பதில் ஏத்துக்கலைன்னு மெசேஜ் வந்திருக்கு. ஏன்?"

"என்ன பண்ணித் தொலைச்ச? அவசரமா தட்டினியா?"

"இல்லக்கா. நிதானமாத்தான் போட்டேன்."

"அப்ப எல்லாத்துக்கும் ஒரே பதிலைப் போட்டிருப்ப. அப்படிப் போட்டா தூக்கிருவாங்கடா. கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போடணும். ஒண்ணுல சில நாள், ஒண்ணுல பல நாள். பாக்கறதுக்கு மனுஷன் போட்ட மாதிரி இருக்கணும்."

"நெசமாவே எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்னா?"

"அப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்கமாட்டான்டா பெரியவரே" என்றேன் நான். சாதம் போதுமா என்றும் கேட்டேன். போதும் என்றான். எந்த சர்வே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்கு வாரம் இரண்டு வருகிறதே, ஏதோ சோப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். குள்ளமாக, நரைத்த தலையோடு, பெரிய தோள்பையைச் சுமந்துகொண்டு வந்தார். மானேஜர் காபி சொன்னார், அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"மனசைப் பத்தின கேள்விகள்ல நேர்கோட்டையெல்லாம் வெட்டினது யாரு?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"எங்க வழக்கம் அதுதான். படிக்காம தட்டறவங்கதான் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போடுவாங்க."

"ரொம்ப முடியாம இருக்கறவங்களும் ஒரே மாதிரிதான் போடுவாங்கம்மா. தினமும் தூக்கம் இல்ல, தினமும் பசி இல்ல, தினமும் அழுகை. அவங்க வேற எதைப் போடுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மானேஜர் முன்னால் என் வேலையில் ஒருவர் கைவைத்தது பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. "மேடம், நான் தினம் ஆயிரம் வரி பாக்கறேன். இப்படிப் போடறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் ஏமாத்துக்காரங்க" என்றேன்.

"மீதிப் பத்துப் பேர்?" என்றார் அவர்.

வெட்டிய அறுபத்தொரு பேரையும் அங்கேயே உட்கார்ந்து திரும்ப எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். என் பட்டியலில் பெயர், வயது, நம்பர் எதுவும் கிடையாது, வெறும் அடையாள எண்தான். முக்கால்வாசிப் பேர் பத்துக் கேள்வியையும் பதினைந்து விநாடியில் தட்டியிருந்தார்கள். நான் சொன்னது சரிதான் என்று ஒரு திருப்தி வந்தது. அப்புறம் ஒரு வரி வந்தது. எல்லாம் "தினமும்". ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். பத்தாவதில் நாலு நிமிஷம் இருபது விநாடி.

"டீ போடப் போயிருப்பாங்க மேடம், ஸ்கிரீனை அப்படியே வெச்சுட்டு" என்றேன்.

"இருக்கலாம். கேட்டுப் பாத்துருவோமே."

இப்படிப் பதினாலு பேர் தேறினார்கள். ஆட்களின் போன் நம்பர் எங்கள் ஆபீசை விட்டு வெளியே போகக்கூடாது என்பதால், என் மேசைக்குப் பக்கத்திலிருந்த பலகைத் தடுப்பு அறையில் உட்கார்ந்து டாக்டரம்மா போன் செய்ய ஆரம்பித்தார். மானேஜர் நம்பர்களை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தடுப்பு பெயருக்குத்தான், இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். முதல் ஆள் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது எடுக்கவே இல்லை. மூன்றாவது யாரோ ஒரு பெண். டாக்டரம்மா "அழுங்கம்மா, பரவாயில்ல, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்வது கேட்டது. அரை மணி நேரம் பேசினார். நான் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். நான் வெட்டிய வரி அழுதுகொண்டிருந்தது.

அடுத்து என் கைப்பை அதிர்ந்தது. பழைய போன். ரகசிய எண்ணாக இருக்கும் என்று எடுத்தால் அழைப்பு. தெரியாத நம்பர். யாருக்கும் தெரியாத போனுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே காதில் வைத்தேன்.

"வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா? மார்ச் மாசம் நீங்க ஒரு சர்வேக்குப் பதில் சொல்லியிருந்தீங்க..."

ஒரு காதில் போனிலிருந்தும், இன்னொரு காதில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே குரல் வந்தது.

எழுந்தேனா, நடந்தேனா, நினைவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அந்த அறை வாசலில் நின்றேன். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். மானேஜர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அது பெரியவர் இல்ல மேடம். என் தம்பி. முப்பத்தாறு வயசு. நான்தான் பொய்யா பதிவு பண்ணேன்."

இந்த அம்மா என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான். "இப்ப எங்க இருக்கார்?"

"வீட்டுல."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

தம்பியின் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மானேஜர் "இதெல்லாம் நூறு பர்சென்ட் விதிமீறல்..." என்று ஆரம்பித்தார். "சார், என்னை வேலையை விட்டு அப்புறமா தூக்குங்க" என்றேன். டாக்டரம்மா தோள்பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டார்.

வாடகை வண்டியில் போகும்போது ஏழு தடவை அடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தேன். மூன்று வாரம். நான் ஒழுங்காக ஒரு வரியைத் திறந்து பார்த்திருந்தால் மூன்று வாரம் முன்னாலேயே இந்த அம்மா கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டாலும் என் கைப்பைதானே அடித்திருக்கும். அவனுக்கு வருகிற உதவியைக்கூட என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடி வைத்திருந்தேன். பாவி நான், படுபாவி.

நாலு மாடி ஏறிக் கதவை இடித்தேன். உள்ளே சத்தம் இல்லை. சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தேன். திருப்புவதற்குள் கதவு திறந்தது. தூக்கம் கலைந்த முகத்தோடு நின்றான். "என்னக்கா இந்த நேரத்துல?"

"போனை எடுத்தா என்னடா கேடு உனக்கு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என்னையும் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். போனை ஓசை இல்லாமல் வைத்திருந்தானாம், அவ்வளவுதான்.

டாக்டரம்மா தன்னை யார் என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் அவசரப்படவில்லை. "தூக்கம் எப்படிப்பா இருக்கு?" என்றார்.

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். "சில நாள் வராது."

"சாப்பாடு?"

மறுபடி என்னைப் பார்த்தான். "பரவாயில்லைங்க."

"மனசு கனமா இருக்கா?"

"பல நாள்... இல்ல, சில நாள்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏற்றி இறக்கிச் சொல்கிறான். பார்ப்பதற்கு மனுஷன் சொன்ன மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு வரி என் திரையில் வந்தால் நான் தொடக்கூட மாட்டேன், தரமான பதில் என்று அடுத்ததற்குப் போயிருப்பேன். இதைச் சொல்லிக்கொடுத்தவள் இதோ வாசலில் நிற்கிறேன், அவன் ஒவ்வொரு பதிலுக்கும் சரியா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறான்.

டாக்டரம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

"நான் அவனோட அக்கா மேடம்."

"தெரியும். வெளிய இருங்க."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. முதலில் டாக்டரம்மாவின் குரல்தான் கேட்டது. அதற்கப்புறம் தம்பி பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தது மட்டும் கேட்டது. பதினாலு மாசமாக என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. மேல்மாடிக்காரர் மூட்டையோடு என்னைத் தாண்டிப் போனார், "என்னம்மா சாவி இல்லையா?" என்று கேட்டார். இருக்கு என்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்து கதவை ஒட்டினாற்போல் சாத்தினார். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். தனியா விடற நிலைமையில இல்ல. அவரே வரேன்னு சொல்லிட்டார், அது பெரிய விஷயம்."

"சரி மேடம். நான் பாத்துக்கறேன். இனிமே ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்."

அவர் உடனே நகரவில்லை. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்து சொல்றவரைக்கும் இது யாருமே இல்லாத ஒரு பெரியவர்னுதான் நெனச்சுட்டிருந்தேன்."

"பதிவுல குடும்பத்தோட இருக்கறதாத்தானே போட்டேன்?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு. பத்துக் கேள்விக்கு அப்புறம் நாங்க ஒண்ணு கேட்டிருந்தோம். மனசு விட்டுப் பேச உங்களுக்கு யார் இருக்காங்கன்னு. அம்மா அப்பா, கணவன் மனைவி, உடன்பிறந்தவங்க, சிநேகிதங்கன்னு கட்டம் கட்டமா இருக்கும். யாரும் இல்லைன்னும் கடைசியா ஒண்ணு இருக்கும். அவர் கடைசியைத் தொட்டிருந்தார்."

அந்தக் கட்டங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சர்வே போவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் தொட்டால் வேலை செய்கிறதா என்று பார்த்தவள் நான்தான். உடன்பிறந்தவர்கள் என்பது மூன்றாவது.

தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தான். பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். "உனக்கு வேலை போயிடுமாக்கா?" என்று கேட்டான்.

"வேலை கிடக்குது கழுதை" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு டாக்டரம்மாவின் பின்னால் படியிறங்கினான். நான் கதவைப் பூட்டிவிட்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.